கணவர் போன பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. இந்த நிலையில் கர்த்தரை நம்புவது என்றால் என்ன?

காத்திருப்பவள் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வெகுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கணவர் கேன்சரில் போய்விட்டார். சிகிச்சை நடந்த காலமெல்லாம் சபை எங்களோடு நின்றது. உபவாச ஜெபம், சங்கிலி ஜெபம், மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தது, ஒன்றும் குறைவில்லை. அவர் எழுந்து வருவார் என்று நான் மனதார விசுவாசித்தேன். ஸ்கேன் ரிப்போர்ட் வரும் ஒவ்வொரு முறையும் அதைப் பிரிக்கும் முன்பே நன்றி சொன்னேன்.

எங்களிடம் ஒரு ஜெப நோட்டு உண்டு. கல்யாணமான புதிதில் அவர் தொடங்கியது. பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் பதில் கிடைத்த தேதி. வேலை, வாடகை வீடு, பிள்ளையின் வீசிங், மாமாவின் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் எதிரே தேதி இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே "என் சுகம்" என்று இருக்கிறது. எதிரே வெற்றிடம்.

வருகிறவர்கள் எல்லாம் "ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும்" என்கிறார்கள். "அவர் நல்ல இடத்தில் இருக்கிறார், அழக்கூடாது" என்கிறார்கள். ஒருவர் மட்டும் "எங்கேயோ விசுவாசத்தில் குறை இருந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை.

முழங்காலில் நின்றால் கோபம்தான் வருகிறது. இந்தக் கோபத்தோடு கர்த்தரிடம் போகலாமா? போகாமல் இருக்கவும் முடியவில்லை, அதுதான் பிரச்சினை. பெரிய விளக்கம் வேண்டாம். இந்த வழியாக நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆயத்தக்காரன் எழுதியது:

சகோதரி, உங்கள் இழப்புக்காக மனம் வருந்துகிறேன். ஆனாலும் அன்போடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளையும் இழந்த யோபு என்ன சொன்னான்? "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." விசுவாசியின் வாயில் வரவேண்டிய வார்த்தை அதுவே. வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. கோபத்துக்கு இடங்கொடுத்தால் அது கசப்பாய் வேர்விடும். துதியினால் அதை மேற்கொள்ளுங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

பழைய சுவடி எழுதியது:

சகோதரர் காட்டிய வசனம் சத்தியம். ஆனால் அது முதலாம் அதிகாரம். யோபு புத்தகத்தில் 42 அதிகாரங்கள் உண்டு.

மூன்றாம் அதிகாரத்திலேயே அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக வழக்காடுகிறான், "ஏன் எனக்கு உமது முகத்தை மறைக்கிறீர்" என்று கேட்கிறான், கடவுளை நியாயஸ்தலத்துக்கு இழுக்காத குறை. ஸ்தோத்திரம் சொன்னவனும் இப்படிப் பேசியவனும் ஒரே ஆள்தான். 13:15ஐ மெதுவாக வாசியுங்கள்: "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன், ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக ரூபகாரம்பண்ணுவேன்." ரூபகாரம்பண்ணுவது என்றால் தன் பக்கத்தை நிரூபித்து வாதாடுவது. நம்பிக்கையும் வாதாட்டமும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்த புதிதில் செய்தது சரியாகத்தான் இருந்தது. ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எட்டாம் நாளில் கெட்டது. கடவுளுக்காகப் பரிந்து பேசத் தொடங்கினார்கள். நீதிமானுக்கு இப்படி நடக்காது, எங்கேயோ குறை இருக்கிறது, திரும்பு, சரியாகும் என்றார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் சொன்னதும் இதேதான், சகோதரி. அவருடைய வாதம் அந்த மூவரில் ஒருவனான எலிப்பாஸ் காலத்திலேயே பேசி முடிந்தது, அதற்குத் தீர்ப்பும் வந்துவிட்டது: "உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" (42:7).

கடவுளைத் தற்காத்துப் பேசியவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். அவரிடம் கத்தியவன் "என் தாசன்" எனப்படுகிறான். நண்பர்கள் கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவரை நோக்கிப் பேசியவன் யோபு மட்டும்தான். நீங்கள் கோபத்தோடாவது முழங்காலில் நிற்கிறீர்கள். அங்கேயே நில்லுங்கள்.

கடைசி அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. ஆடுகள் 7,000 இருந்தது 14,000 ஆகிறது. ஒட்டகங்கள் 3,000 இருந்தது 6,000. ஏர்மாடும் கழுதையும் அப்படியே இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் முன்பு போலவே ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும். மந்தைக்கு ஈடு கட்டலாம். பிள்ளைக்கு ஈடு என்று ஒன்று கிடையாது. புத்தகம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, எண்ணிக்கையில் வைத்துவிட்டுப் போகிறது என்றே நான் வாசிக்கிறேன்.

சிறுதுளி எழுதியது:

அக்கா, எனக்கு எழுதத் தெரியவில்லை. உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். ஜெபிக்கிறேன்.

நடுவழி எழுதியது:

"விசுவாசத்தில் குறை" என்று சொன்னாரே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். என் அம்மா போனபோது எங்கள் வீட்டிலும் அதைச் சொன்னார்கள். அதன் பிறகு எனக்குச் சபைக்குப் போகப் பல காலம் பிடித்தது.

அப்போஸ்தலர் 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது யோவானின் சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். அடுத்து பேதுருவைப் பிடிக்கிறான். சபை ஊக்கமாய் ஜெபிக்கிறது, தூதன் வந்து சங்கிலி கழன்று விழுகிறது. இரண்டுபேரும் ஒரே பன்னிருவரில் இருந்தவர்கள், அதுவும் இயேசு மறுரூப மலைக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போன மூவரில் இரண்டுபேர். யாக்கோபுக்காகச் சபை குறைவாக விசுவாசித்தது என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எங்காவது எழுதினாரா? ஏன் இவன் போனான், ஏன் அவன் தப்பினான் என்று ஒரு வரிகூட இல்லை.

எபிரெயர் 11ம் அப்படித்தான். 34ம் வசனத்தில் விசுவாசத்தினாலே "பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்". மூன்று வசனம் தள்ளி, "பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள்". தப்பினவர்களையும் வெட்டுண்டவர்களையும் சேர்த்துத்தான் 39ம் வசனம் "இவர்களெல்லாரும்" விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்கிறது.

பவுல் எத்தனையோ பேரைச் சுகமாக்கினவர். ஆனால் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். தன்னை வாட்டிய "மாம்சத்தின் முள்" நீங்கும்படி மூன்று தரம் கேட்டார், அது எடுபடவில்லை. பவுலின் விசுவாசம் பற்றாமல் போய்விட்டது என்று அந்த மனிதர் சொல்வாரா? துக்கத்தில் இருக்கிறவள் தலையில் குற்றத்தையும் தூக்கி வைப்பதை மன்னிக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆயத்தக்காரன் எழுதியது:

சகோதரர் நடுவழி, சகோதரியின் விசுவாசத்தில் குறை என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் பயம் வேறு. என் தம்பி தன் மகளை இழந்தபோது இப்படித்தான் கேள்வி கேட்கத் தொடங்கினான். இன்று அவன் கடவுள் என்ற பேச்சையே எடுப்பதில்லை. அதைக் கண்ணால் பார்த்தவன் நான். முறுமுறுப்புக்கும் நீங்கள் சொல்லும் புலம்பலுக்கும் எல்லை எது? எல்லையே இல்லையா?

பழைய சுவடி எழுதியது:

நியாயமான கேள்வி. உங்கள் தம்பிக்காக நானும் ஜெபிக்கிறேன்.

எண்ணாகமம் 14ல் இஸ்ரவேல் ஜனங்கள் அழுதார்கள், அது மட்டும் என்றால் பாவம் இல்லை. "நாம் ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்பிப்போவோம்" என்றார்கள். அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசி, அவரை விட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். தாவீதோ, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ம் சங்கீதத்தில் அவருடைய முகத்துக்கு நேராகவே கேட்கிறான். கேள்வியின் காரம் இரண்டிலும் ஒன்றுதான், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் யோசியுங்கள், சகோதரரே. கேள்வி கேட்டதால்தான் மக்கள் போய்விடுகிறார்கள் என்று நாம் எண்ணுகிறோம். கேட்க இடமில்லாததால் வெளியே போனவர்களையும் என் ஊழியத்தில் பார்த்திருக்கிறேன். சங்கீத புத்தகத்தில் புலம்பல் சங்கீதங்கள் அத்தனை இருக்கின்றன. அவை ஆலயத்தில் பாடப்பட்டவை. நம்முடைய ஞாயிறு ஆராதனையில் அவற்றுக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்குகிறோம்?

மாலைமணி எழுதியது:

தங்கச்சி, நான் என் மகனை அடக்கம் பண்ணினவள். வருஷங்கள் ஆகிவிட்டன. அதனால் பெரியவர்கள் பேசும் வேதபாடத்துக்கு நடுவே வேறு மாதிரி எழுதுகிறேன்.

முதலில், ஜெபம் வரவில்லை என்றால் வரவில்லை, விடு. எனக்கும் வாய் திறக்கவில்லை. அந்த நாட்களில் சங்கீதத்தை மட்டும் சத்தமாக வாசித்தேன், வேறு ஒருவர் எழுதி வைத்த வார்த்தையில் நான் ஏறிக்கொண்டேன். அதையும் முடியாத நாளில் என் பக்கத்து பெஞ்சில் உட்காரும் அக்கா எனக்குப் பதிலாக ஜெபித்தார்கள். சபை இருப்பது அதற்குத்தான்.

கல்லறையில் மண் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ரோமர் 8:28 சொன்னார். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." அன்று அந்த வசனத்தின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. பிறகு ஒரு நாள் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். 28க்கு வந்து சேரும் முன் பவுல் எவ்வளவு பெருமூச்சைக் கடந்து வருகிறார் பார். 22ல் சிருஷ்டி தவிக்கிறது. 23ல் நாம் தவிக்கிறோம். 26ல் ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார். நடந்ததெல்லாம் நல்லது என்று பவுல் சொல்லவே இல்லை. நன்மை எது என்று அடுத்த வசனமே சொல்கிறது, குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. என் பிள்ளையின் சாவை நல்லது என்று சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை என்று தெரிந்தபோதுதான் என்னால் மூச்சு விட முடிந்தது. 1 கொரிந்தியர் 15:26 மரணத்தைக் "கடைசிச் சத்துரு" என்கிறது. சத்துருவை நல்லவன் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

அழக்கூடாது என்கிறார்களா? தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றுதான். துக்கிக்கவே வேண்டாம் என்று இல்லை. நன்றாக அழு.

88ம் சங்கீதம் படித்திருக்கிறாயா? மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் முடிவில் கொஞ்சமாவது வெளிச்சத்துக்கு வரும். இது வராது. இருளிலேயே முடிந்துவிடும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், ஒருவரும் கடைசியில் ஒரு அல்லேலூயா ஒட்டவில்லை.

காத்திருப்பவள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடுவழி அண்ணா, யாக்கோபையும் பேதுருவையும் நான் இப்படிச் சேர்த்து வாசித்ததே இல்லை. நேற்று இரவு கொஞ்சம் தூங்கினேன்.

அக்கா, 88ஐ வாசித்தேன். முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டவன் கடைசி வரை வேறு நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்கு அது பிடித்தது.

ஆனால் ஒன்று இன்னும் அடங்கவில்லை. கர்த்தரால் முடியாது என்றிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். முடியும், ஆனாலும் செய்யவில்லை. லாசருவின் வீட்டுக்கு வந்தார், என் வீட்டுக்கு வரவில்லை. இதை வைத்துக்கொண்டு எப்படி நம்புவது?

ஒலிவமரம் எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்டதை லாசருவின் சகோதரிகளான மார்த்தாளும் கேட்டாள், மரியாளும் கேட்டாள். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." இருவர் வாயிலும் அதே வாக்கியம், யோவான் 11:21லும் 32லும். அந்த நான்கு நாளும் வீட்டுக்குள் இருவரும் இதையே சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். இயேசு வேண்டுமென்றே தாமதித்தார் என்பதையும் யோவான் மறைக்கவில்லை. வியாதி என்று கேட்ட பிறகும் இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கினார் என்று எழுதுகிறார்.

அந்த வார்த்தைக்காக அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாளிடம் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று பேசினார். மரியாளிடம் பாடம் ஏதும் இல்லை, "இயேசு கண்ணீர் விட்டார்." சில நிமிஷத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர். சந்தோஷமான முடிவு அவருக்குத் தெரியும், இருந்தும் அழுதார். அப்படியானால் பரலோக நம்பிக்கை இருக்கிறவள் அழலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஏன் உங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். லாசருவும் பிறகு ஒரு நாள் மரித்துத்தான் இருப்பான், அவன் சகோதரிகளோ அவனோ இன்னொரு முறை அந்தத் துக்கத்தைப் பார்த்திருப்பார்கள். அவன் எழுந்தது வரப்போகிற ஒன்றுக்கு அடையாளம். வந்தது எது? அதே இயேசு சிலுவையில் தொங்கி, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டது. அது 22ம் சங்கீதத்தின் முதல் வரி. கேள்வியாகவே கேட்டார். கெத்செமனே தோட்டத்தில் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று அவர் ஜெபித்ததற்கும் அவர் கேட்ட பதில் வரவில்லை. "ஏன்" என்று கேட்டு மௌனத்தைச் சந்தித்தது எப்படியிருக்கும் என்று நம் கடவுளுக்குத் தெரியும்.

எனக்கு அதுதான் பிடி. அவர் எனக்காக என்ன செய்யாமல் விட்டார் என்று எண்ணிக்கொண்டே போனால் கால் நிற்க இடமில்லை. அவர் யார் என்பது சிலுவையிலும் காலியான கல்லறையிலும் தெரிந்துவிட்டது, அங்கே நிற்கிறேன். உயிர்த்த பிறகும் அவர் கையில் ஆணிக்காயம் இருந்தது, தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காயம் இல்லாதது போல் நடிக்கிற மகிமை அவருக்கே தேவைப்படவில்லை.

கூடாரம் எழுதியது:

சபைச் சரித்திரத்திலிருந்து இரண்டு பேரைச் சொல்ல ஆசை.

ஆதிச் சபையின் பெரிய போதகர் அகஸ்தீன். 387ல் ஒஸ்தியா துறைமுகத்தில் அவருடைய அம்மா மோனிக்கா மரித்தார். அம்மாவுக்கு 56ம் வயதும் மகனுக்கு 33ம் வயதும் நடந்துகொண்டிருந்தன. கிறிஸ்தவளின் மரணத்துக்கு அழுவது தகாது என்று நினைத்துக் கண்ணீரை அடக்கினார். அடக்கத்திலும் அழவில்லை. மனபாரம் குறையுமோ என்று குளித்துப் பார்த்தார், குறையவில்லை. பிறகு கடவுளுக்கு முன்பாகத் தனிமையில் உடைந்து அழுதார், அதைத் தானே எழுதியும் வைத்தார்.

அடுத்தவர் அதோனிராம் ஜட்சன், 1813ல் பர்மாவுக்குப் போன மிஷனரி. போர்க்காலத்தில் சிறையில் கிடந்தபோது மனைவி ஆன்தான் அலைந்து திரிந்து அவர் உயிரைக் காப்பாற்றினார். 1826ல் ஜட்சன் வெளியூரில் இருக்கும்போது ஆன் மரித்தார். ஆறு மாதத்தில் இரண்டு வயது மகள் மரியாவும் போனாள். ஜட்சன் காட்டுக்குள் குடிசை கட்டிக்கொண்டு தனியே போனார். தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று கடவுளைக் குறித்து எழுதினார். பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தது இதற்குப் பிறகு, 1834ல். காட்டில் இருந்த அந்த ஜட்சனை விசுவாசத்தை விட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். காணவில்லை என்றுதானே எழுதினார். தேடாதவன் அப்படி எழுதமாட்டான்.

சிறுதுளி எழுதியது:

ஒரு சந்தேகம். என் தோழியின் அப்பா இறந்துவிட்டார், நாளைக்கு அவளைப் பார்க்கப் போகிறேன். என்ன பேசுவது?

மாலைமணி எழுதியது:

பேசாதே கண்ணு, பக்கத்தில் உட்கார். அப்பாவின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றிக் கேள், அவள் பேசட்டும். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு வராதே, கேட்கிற நிலையில் அவள் இருக்கமாட்டாள். மரணச் சான்றிதழ் வாங்க ஒருவர் கூடப் போக வேண்டும், பேங்க் பாரம் நிரப்ப வேண்டும், அதில் ஒன்றை எடுத்துக்கொள். எல்லோரும் போன பிறகு, ஒரு மாதம் கழித்தும் போ.

அவள் பல நாளாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சாக வேண்டும் போல இருக்கிறது என்றால் ஜெபத்தோடு நிறுத்தாதே, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் சொன்னது "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றுதான். சாப்பிட்டான், தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். கடவுள் பேசிய அந்த மெல்லிய சத்தம் அதற்கு வெகு பிந்தித்தான் வந்தது.

ஆயத்தக்காரன் எழுதியது:

துதி பெலன் தரும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. ஆனால் இந்த இழையை என் தம்பிக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். பழைய சுவடி ஐயா, அவன் பேச விரும்பினால் உங்களிடம் பேசச் சொல்லலாமா?

பழைய சுவடி எழுதியது:

எந்த நேரமும் பேசலாம். கடவுளைப் பற்றிப் பேச வேண்டாம் என்றால் அவர் மகளைப் பற்றிப் பேசட்டும். கேட்டுக்கொள்கிறேன்.

காத்திருப்பவள் எழுதியது:

ஒலிவமரம் ஐயா, உங்கள் பதிலை என் பெரியவனுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ அப்பாவுக்காக இயேசுவும் அழுதாராம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு உள்ளே தடுக்கவில்லை.

கோபம் போகவில்லை. ஆனால் இன்று காலை அதை அவரிடமே சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமென் இல்லாமல். மாலைமணி அக்கா, எந்தச் சங்கீதத்திலிருந்து தொடங்கட்டும்?

மாலைமணி எழுதியது:

6, 13, 42, 77, 130. நாளுக்கு ஒன்று போதும், முடியாத நாளில் நேற்று வாசித்ததையே வாசி. 42ஐப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கலாம். 88ஐ மட்டும் ராத்திரியில் தனியாக வாசிக்காதே, எனக்குப் போன் பண்ணு, சேர்ந்து வாசிப்போம். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.